திரையின் பச்சையும் தாளின் பச்சையும்



நாகூரில் கந்தூரி விழா நெருங்கும் காலத்தில், தெருவுக்குத் தெரு ஒட்டப்படும் வர்ணச் சுவரொட்டிகளைச் சற்றே நின்று நோக்குகிறவர்களுக்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. கணினித் திரையில் குறுவை நாற்றைப்போல் ஒளிர்ந்த பச்சை, தாளில் வாடிக் கிடக்கும். நாகூர் தர்காவின் தங்கக் கவிமாடம் வெறும் காவி நிறமாக மாறியிருக்கும். உடனே அச்சகத்தாரைக் குறைகூறுவது நமது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது நியாயமன்று. தவறு அச்சு யந்திரத்தை அடைவதற்கு முன்னரே, கோப்பைத் தயாரித்த மேசையிலேயே நேர்ந்துவிடுகிறது.

திரை தானே ஒளியை உமிழ்வது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியைக் கலந்து அது வர்ணங்களைக் காட்டுகிறது. காகிதத்துக்கோ சுயப்பிரகாசம் இல்லை. அதன்மீது படியும் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும், வெண்தாளிலிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு எஞ்சியதையே நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆகையால், சயானும் மஞ்சளும் கூடிப் பிறக்கும் பச்சை, எத்துணை உயர்ந்த தாளில் அச்சிட்டாலும், திரையின் பளிச்சிடும் பச்சையை எட்டுவதில்லை. பொன்னின் பிரகாசமோ உலோகத்தின்மீது ஒளி பட்டுத் தெறிப்பது. அது வேண்டுமென்றால் ஐந்தாவதாகப் பொன் மை ஒன்றைத் தனியே ஓட்டச் சொல்லவேண்டுமேயன்றி, இந்த நான்கு மைகளில் அதைத் தேடுவது வீண். தொடக்கத்திலிருந்தே தம் சித்திரத்தை, இந்த நான்கு மைகளுக்குரிய சி.எம்.ஒய்.கே. முறையில் பார்த்துப் பழகுகிறவருக்கு இந்த ஏமாற்றம் இல்லை.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1713-இல் தமிழ் அச்சுவேலை தொடங்கியபோது கறுப்பு மையோடு காரியம் முடிந்தது. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகப் பெருகிய காலத்திலோ, வர்ணங்களைப் பிரித்தெடுக்கும் வித்தை அச்சகத்துக் கைவினைஞரிடம் இருந்தது. சித்திரத்தைத் தீட்டிக் கொடுத்ததோடு ஓவியரின் கடமை தீர்ந்தது. இன்று அவ்விருவர் வேலையும் கணினியில் கோப்பைத் தயாரிக்கும் ஒருவர் தலையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதை உணராதவர்களே நம்மிடையே அதிகம்.

தர்காவின் 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவை, வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த ஒரு சிறு படத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கினால், அது கட்டங்கட்டமாகச் சிதைந்து தோன்றுவதில் வியப்பென்ன? கையில் வைத்துப் படிக்கும் துண்டுப்பிரசுரத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 அளவுக்கு 2480-க்கு 3508 புள்ளிகள் என்பது அதன் கணக்கு. தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பதாகைக்கு அவ்வளவு அவசியமில்லை. ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாதிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் வர்ணத்தை வெளியே ஓடவிடுதல் நன்று. சிறிய எழுத்துக்களைக் கறுப்பு மை ஒன்றிலேயே அமைக்கவேண்டும். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால், அச்சுத் தகடுகள் மயிரிழை பிசகினாலும் எழுத்தின் விளிம்பில் வர்ணம் கசிந்து நிற்கும்.

சேமிப்பதிலும் விவேகம் தேவை. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் படத்தின் நுட்பம் சிறிது சிறிதாக அழிகிறது. டிஃப் கோப்பில் அந்த நஷ்டம் இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் கோத்த வாசகம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகச் சிதறிவிடும் என்பதால், அனுப்பும் பிரதியில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிப் பி.டி.எஃப். ஆக்குவது உத்தமம். மாற்றியபின் ஓர் ஒற்றுப்பிழையைக்கூடத் தட்டித் திருத்த இயலாது. ஆதலால் அடுக்குகள் கலையாத மூலக்கோப்பைத் தனியே, இரண்டிடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த கந்தூரிக்குச் சுவரொட்டி அச்சிடவிருக்கும் அன்பர்கள், தாளில் எடுத்த மாதிரிப் பிரதியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே, முழு வேலைக்கும் உத்தரவு கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.