புழக்கடை உயிர்களும் ஐம்பதிற்குப் பிந்தைய உடல்நலமும்



கொல்லிமலையின் இராசிபுரம் பக்கத்து அடிவாரத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. காரவள்ளி வழியாக மலையேறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றனர். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை மேலேறுகிறது. இரு பாதைகளிலும் இன்று ஊர்திகள் ஓடுகின்றன. மிளகும் பலாவும் வாழைத்தாரும் மனிதர் தலையிலும் தோளிலும் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து மக்களுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. அதற்காக அக்காலத்தை எண்ணி ஏங்கவும் வேண்டியதில்லை. சுமந்தவர்களின் முழங்கால்களைக் கேட்டால் அவை வேறு கதை சொல்லும்.

இன்றைய இல்லங்களில் நீர் இறைக்கும் வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. ஆட்டுக்கல்லின் வேலை மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் போயிற்று. பசு விற்கப்பட்டது. பாம்புக்கு அஞ்சியும் துப்புரவு கருதியும் புழக்கடை முழுவதும் சிமெண்டுத் தளம் போடப்பட்டது. பிள்ளைகள் வெளியூர் சென்றனர். ஐம்பதைக் கடந்த பெரியவருக்கு ஓய்வு மிகுந்தது, அசைவு குறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்று கணக்கிட்டது. எண்ணிக்கையில் 10 கோடிக்கும் மேல். மருத்துவர் ‘நடங்கள்’ என்கிறார். பெரியவரும் புதிய காலணி வாங்கி ஒரு வாரம் நடக்கிறார். எட்டாம் நாள் மழை. ஒன்பதாம் நாள் உறவினர் வருகை. பத்தாம் நாள் காலணி பரணில் ஏறிவிடுகிறது.

இது சோம்பலால் மட்டும் நேர்வதன்று. காண்பதற்கு ஒன்றும் இல்லாத நடையை மனம் நெடுநாள் பொறுப்பதில்லை. உடலை நாள்தோறும் வெளியே இழுத்துச் செல்வதற்கு ஓர் ஆவல் வேண்டும். அவ்வாவல் புழக்கடையிலேயே கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நற்சான்று உண்டு.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகனாக 1912-இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். தாவரவியல் பயின்றவர், சில காலம் சண்டூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்து, பின் சென்னை மயிலாப்பூருக்குத் திரும்பி, எழுத்தையும் நிழற்படத்தையும் நம்பியே வாழ்ந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. யானையையும் காட்டெருதையும் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கை, அணில், பல்லி, மைனா ஆகியவற்றைப் பற்றியும் அவர் எழுதினார். ஐம்பத்தாறாம் வயதில், பலர் சாய்வு நாற்காலி வாங்கும் பருவத்தில், நேரு நினைவு நல்கை பெற்றுத் தென்னாட்டு வனங்களின் பாலூட்டிகளை ஆராயப் புறப்பட்டார். 1996 பிப்ரவரி 18 அன்று தம் 83-ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்றைய இதழிலும் அவருடைய பத்தி வந்திருந்தது. பறவை பார்த்ததால்தான் அவர் நெடுநாள் வாழ்ந்தார் என்று கூறுவது மிகை. ஆனால் வியக்கும் கண் ஓயாதிருந்தவரை அவருடைய வேலையும் ஓயவில்லை என்பது பதிவான செய்தி. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகக் கிடைக்கின்றன. இல்லங்களில் இருக்கத்தக்க நூல்.

எவ்வளவு அசைவு வேண்டும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் ஓர் அளவு கூறியுள்ளது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம், மூச்சு சற்றே மிகும் அளவிலான இயக்கம். இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் வேலை. 65 வயதைக் கடந்தோர்க்கு வாரம் மூன்று நாளேனும் உடற்சமநிலை காக்கும் பயிற்சி. நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலரும் அஞ்சுகின்றனர். அவ்வெண் மருத்துவம் கண்டதன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சராசரி வயது 72 உடைய பெண்களிடையே, நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. வாசலிலிருந்து புழக்கடை வேலி வரை சிலமுறை சென்று வந்து, தெருக்கோடியிலுள்ள மரத்தையும் பார்த்துத் திரும்பினால் இதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

முள்ளுக்குறிச்சிப் புழக்கடை ஒன்றில் விடியற்காலையில் நிற்பவர் முதலில் கேட்பது செம்போத்தின் ஆழ்ந்த குரல். அடுத்து, தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் பூசலிட்டபடி வரும். முருங்கைப் பூவில் ஊதாத் தேன்சிட்டு, மின்கம்பியில் கரிச்சான், அரசமரத்தில் செம்மார்புக் குக்குறுவான், கன்னார் செம்பைத் தட்டுவது போல ஒரே சீரில். அதன் ஒலி வரும் திசையைக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சி. இப்படியும் அப்படியும் நாலடி நடந்து, கழுத்தைத் திருப்பி, மீண்டும் நின்று கேட்க வேண்டியிருக்கும். இவ்வாறு நிற்கும்போது சுவரை ஒட்டி நின்று ஒரு காலைத் தூக்கிப் பத்து நொடி இருந்து பார்க்கலாம். 51 முதல் 75 வயதுக்குட்பட்டோரிடம் பிரேசிலில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பத்து நொடி ஒற்றைக்காலில் நிற்க இயலாதோரிடையே பிந்தைய ஆண்டுகளில் இறப்பு மிகுதியாக இருந்தது. நிற்க இயலாமை நோயன்று. காலும் இடுப்பும் தளர்கின்றன என்பதற்கான முன்னறிவிப்பு. கை எட்டும் தொலைவில் சுவர் இருத்தல் கட்டாயம்.

தேன்சிட்டுகள் முன்போல் கத்துவதில்லை என்று குறைப்படும் பெரியவர்கள் உண்டு. வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது கீச்சென்ற மெல்லொலிகளைத்தான். சிட்டு கத்திக்கொண்டுதான் இருக்கிறது, பேரப்பிள்ளைக்குக் கேட்கிறது. அவ்வாறாயின் செவியைச் சோதித்துக்கொள்வது நல்லது.

குந்தி அமர்ந்து களை பறித்தல், கை ஊன்றாமல் எழுதல், பாதி நிரம்பிய வாளியை இரு கையிலும் மாற்றி மாற்றிச் சுமத்தல், துடைப்பத்தால் சருகு கூட்டுதல் ஆகியவை தசைக்கான வேலைகள். முழங்கால் தேய்ந்தவர் குந்த வேண்டா. உயரமான முக்காலியில் அமர்ந்து பத்து முறை எழுந்து அமர்வதே போதும்.

இங்கே சமண இல்லறத்தார்க்கு ஓர் ஐயம் எழும். மண்ணைக் கிளறினால் உயிர்கள் மடியுமே? வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விலக்குவர். வாழ்க்கைக்கு இன்றியமையாத வேலையில் நேரும் ஆரம்ப இம்சையை இயன்ற அளவு குறைப்பர். அக்குறைப்புக்கும் நல்ல தோட்டக்கலைக்கும் பகை இல்லை. கொத்திக் கிளறுவதற்கு மாறாகச் செடியடியில் சருகு மூடாக்கு இட்டால் களை குறையும், ஈரம் நிற்கும், மண்புழு வாழும். ஈருணர்வுடைய மண்புழு, மூவுணர்வுடைய எறும்பு, நான்குணர்வுடைய வண்ணத்துப்பூச்சி, ஐயுணர்வுடைய அணில் என, ஆகமம் வகுத்த உயிர்வரிசை முழுவதையும் ஒரு கறிவேப்பிலைச் செடியின் சுற்றளவில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். தொல்காப்பிய மரபியலிலும் இதனை ஒத்த பகுப்பு உண்டு.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில், நுகத்தடி நீளம், அஃதாவது ஏறக்குறைய நான்கு முழம் முன்னே நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் நடப்பது அது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கும் இக்காலத்தில், முதியோர் இடறி விழாமலிருக்க எலும்பு மருத்துவர் கூறும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே. இருள் பிரியாத நான்கரை மணிக்குப் புறப்படும் வழக்கத்தை விட்டு, ஒளி வந்தபின் நடப்பது இரு வகையிலும் பொருந்தும். பாசி படர்ந்த கல்லும் தெரியும். பாதையில் செல்லும் மரவட்டையும் தெரியும்.

பாம்பைப் பற்றிய அச்சம் நியாயமானதே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உள்ளவை. விறகும் செங்கல்லும் சுவரை ஒட்டிக் குவிந்திராமல் பார்த்துக்கொள்வது, இரவில் கைவிளக்கும் மூடிய காலணியும் இல்லாமல் புழக்கடையில் இறங்காதிருப்பது ஆகிய இரண்டும் சிமெண்டுத் தளத்தைவிட மேலான காப்பு. கடி நேர்ந்தால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

புறாவுக்குத் தானியம் இறைப்பது அறமாகப் போற்றப்படுகிறது. ஆயினும் மாடியில் நூறு புறா கூடினால் அவற்றின் உலர்ந்த எச்சமும் சிறகுத்தூளும் மூச்சில் கலந்து சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். மூச்சிரைப்பு உள்ள முதியோர்க்கு இது எளிய செய்தியன்று. தானியத்தைக் குறைத்து, தாழ்வான மண்சட்டியில் நீர் வைப்பதும், செம்பருத்தி, எலுமிச்சை, கொய்யா நடுவதும் பலவகைப் பறவைகளை அழைக்கும். சட்டி நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாற்றினால் கொசுப்புழு அதில் பிறக்கவே இடமில்லை. பிறந்தபின் கொட்டிக் கொல்லும் நிலையும் வாராது.

உணவு பற்றிச் சில சொற்கள் போதும். கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கம் உள்ளவர்க்குக் காலை நடை எளிதாக அமையும். பயறும் பாலும் குறைந்தால் தசை பெருகாது. புலால் தவிர்த்தோரிடம் பி12 உயிர்ச்சத்துக் குறைவு பரவலாகக் காணப்படுவதால் குருதிச் சோதனை தேவை; கால் மரத்தலும் தடுமாற்றமும் அதனால் நேரக்கூடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் தசலட்சண நாள்களில் நோன்பு ஏற்குமுன் மருத்துவரிடம் உரைத்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழுவது நோன்பின் நோக்கமன்று.

கண்டவற்றைக் குறித்து வைக்கும் வழக்கம் ஆவலைக் காக்கும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் திருநாளின் நான்கு நாள்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் 15 நிமிடமேனும் நின்று, கண்டும் கேட்டும் அறிந்த பறவைகளைப் பட்டியலிட்டு இணையத்தில் பதிவதே அதன் முறை. வீட்டுப் புழக்கடையிலிருந்தே செய்யலாம். பட்டியலைத் தாத்தா சொல்ல, பேத்தி கைப்பேசியில் பதியலாம்.

அதற்கு முன்னே, ஐப்பசி வாக்கில் ஒரு விருந்தாளி வருவதுண்டு. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலம் கழிக்கத் தெற்கே இறங்கும் ஆறுமணிக் குருவி அது. மைனா அளவு, குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றின் கீழே செம்மை. இரவெல்லாம் பறந்து களைத்து, சில வேளை வீட்டுத் தோட்டங்களிலேயே விழுவதுபோல் இறங்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒட்டிக் கூவும். அதற்கு இரை சருகின் அடியிலுள்ள பூச்சியும் புழுவும். சிமெண்டுத் தளத்தில் அதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு மூலையிலேனும் பத்தடிச் சதுரம் தளத்தைப் பெயர்த்து, மரத்தடிச் சருகைக் கூட்டி அங்கே பரப்பிவைத்தால், அது வந்தாலும் வரலாம். அதைப் பெயர்ப்பதற்கு மட்டும் இளைஞர் ஒருவரை அழைத்துக்கொள்க. சருகு பரப்பும் வேலை பெரியவருடையது.