மாட்டுக்குப் போகும் மேலிலை

நுவரெலியாவில் கோவாவை மூட்டை கட்டுமுன் அதன் மேலிலைகளை உரித்தெறிவது வழக்கம். அவ்விலைகள் கூடையேறித் தோட்டத்து லயங்களிலுள்ள மாட்டுத் தொழுவங்களை அடைகின்றன. மனிதன் உண்ணாததை மாடு உண்டு பாலாகத் தருவது நல்ல சிக்கனமே. ஆயினும், கிருமிநாசினியை முதலில் தாங்குவதும் இந்த மேலிலைதான். பாலைக் குடிப்பதோ லயத்துக் குழந்தை.

மருந்துகள் எல்லாம் ஒரே இயல்பினவல்ல. இலைமேற் படிவது கழுவினால் ஓரளவு போகும். உள்ளே ஊடுருவியது போகாது. டி.டி.ரி. போன்றவை கொழுப்பிற் கரைபவை. ஆகவே மாட்டின் உடலிலே தங்கி, பாற்கொழுப்பின் வழியே வெளிவரும், காய்ச்சினாலும் அழியா. தேயிலை மலைகளிற் புழங்கிய கிளைபோசேற் என்னும் களைகொல்லி 2015இல் தடைப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதி பெற்றது. அது நீரிற் கரைவது, கொழுப்பிற் சேர்வதில்லை. அதற்காக, மருந்தடித்த மலையில் மறுநாளே புல்லறுப்பது முறையாகாது.

மருந்தடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டுமென்பது போத்தலின் தாளிலே அச்சிடப்பட்டிருக்கும். போத்தலோ கமக்காரர் வீட்டில், மாடோ லயத்தில்! ஆதலால், இலை வாங்குவோர் கடைசியாக மருந்தடித்த நாளைக் கேட்டறிதல் வேண்டும். தக்க விடை கிடையாவிடில், மேலிலை மாட்டுக்கு வேண்டாம்; அன்று மலைப்புல்லே போதும்.