மிதிவண்டியும் நம் பெண்மக்களும்

 

மிதிவண்டிக்கு எரிபொருட் செலவில்லை, புகையில்லை, உடலுக்கும் நல்ல பயிற்சி. செங்கம் போன்ற சிற்றூருக்கு அதுவே ஏற்ற வாகனம். ஆயினும் நம் பெண்மக்கள் பேருந்துக்காகவும் ஆண்துணைக்காகவும் காத்து நிற்கின்றனர்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். ஏளனம் செய்தோரும் உண்டு. எனினும் குடிநீரையும் விளைபொருளையும் குழந்தையையும் வண்டியிலேற்றிச் சென்று, காத்திருந்து கழித்த நேரத்தை அவர்கள் மீட்டுக்கொண்டனர்.

2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய மிதிவண்டித் திட்டம் பின்னர்ப் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. மகளுக்குக் கிடைத்த வண்டியைத் திண்ணையில் துருப்பிடிக்க விடுவதும், அண்ணனுக்குக் கொடுத்துவிடுவதும் முறையன்று. கல்வி தேடுதல் இருபாலார்க்கும் கடமை என்று மேடைதோறும் பேசும் நாம், அக்கடமைக்குச் செல்லும் வழியை அடைக்கலாகாது.

ஹிஜாப் பேணியே மிதிவண்டி ஓட்ட இயலும். புர்கா சங்கிலியில் சிக்காதிருக்க மூடி பொருத்துவோம். முதலில் தெருவில் பழக்குவோம். புதுச்சேரி - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைக்குத் தேர்ச்சி பெற்றபின் அனுப்புவோம். பயிற்றுவிக்கும் பொறுப்பைத் தாய்மார்களும் சகோதரிகளும் ஏற்கட்டும். துணைநிற்கும் பொறுப்பை நாம் ஏற்போம், இன்ஷா அல்லாஹ்.