யார் செலவில் அமைதி?

  

ஐ.நா. அமைதிப் பணிக்கு நாம் வீரர்களைத் தந்தால் போதும், பணத்தை வசதியுள்ள நாடுகள் கட்டட்டும் என்பது என் நண்பர்களின் கட்சி. இதை நான் நெடுநாளாக மறுத்துவருவது இங்கே பலருக்குத் தெரியும். படை எங்கே, எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பணமே முடிவு செய்கிறது. பணத்தில் பங்கில்லாதவனுக்கு அந்த முடிவிலும் பங்கில்லை.

சைப்ரஸ் சொல்லும் பாடம்

காசாவிலும் காங்கோவிலும் நின்ற ஐ.நா. படைகளுக்குப் பங்கு கட்ட மாட்டோம் என்று சோவியத் ஒன்றியம் மறுத்தது; காங்கோ படைக்குக் கட்ட மாட்டோம் என்று பிரான்சும் மறுத்தது. அச்செலவு ஐ.நா.வின் செலவே என்று 1962-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தும் அவை அசையவில்லை. அதனால் 1964 மார்ச் 4 அன்று சைப்ரஸுக்குப் படை அமைத்த பாதுகாப்புச் சபை, கட்டாயப் பங்கைக் கைவிட்டது. படை அனுப்பும் நாடுகளும் சைப்ரஸ் அரசும் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனமிருப்பவர் நன்கொடை தரலாம். படைக்கு முதலில் கிடைத்த ஆயுள் மூன்றே மாதம்.

அந்தப் படைக்குத் தளபதியாகப் போனவர் குடகில் பிறந்து, பெங்களூரில் படித்த ஜெனரல் திம்மய்யா. கொரியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் சிக்கலைக் கையாண்டவர். சைப்ரஸின் நிக்கோசியா நகரை வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடு பிரித்திருந்தது. ஒருபுறம் கிரேக்கர், மறுபுறம் துருக்கியர், நடுவில் அவரது வீரர்கள். 1964 ஆகஸ்டில் துருக்கி விமானங்கள் குண்டு வீசின. அந்த நிலையிலும் படையின் ஆயுள் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகவே ஓடியது. 1965 டிசம்பர் 18 அன்று நிக்கோசியாவிலேயே மாரடைப்பால் அவர் இறந்தார். உடல் பெங்களூருக்கு வந்தது. சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

படைக்கான பாக்கியோ ஆண்டுக்கணக்கில் ஏறியது. 1993-ல்தான் நன்கொடை போக மீதிக்குக் கட்டாயப் பங்கு வந்தது. அதற்குள் டென்மார்க்கும் கனடாவும் தம் படைகளைத் திருப்பி அழைக்கத் தொடங்கிவிட்டன. நன்கொடையை நம்பிய அமைதி இப்படித்தான் தேயும்.

இன்றைய கணக்கு

ஐ.நா. அமைதிப் பணிக்கு இந்தியா இதுவரை 2,90,000-க்கும் மேற்பட்டோரை அனுப்பியுள்ளது. ஏறத்தாழ 180 பேரை இழந்துள்ளது. வளரும் நாடு என்ற 80 சதவீதத் தள்ளுபடியால் அமைதிப் பணி நிதியில் நம் பங்கு சுமார் 0.2 சதவீதமே. 2025-ல் நிதி முடையால் படையினரில் கால்வாசியைக் குறைக்க ஐ.நா. முடிவெடுத்தது. யார் பணம் நின்றதோ, அவர்களால் வந்த குறைப்பு அது.

இலங்கை

1987-90-ல் ஐ.நா. ஆணையின்றி அங்கு நம் படையை அனுப்பி, முழுச் செலவையும் நாமே ஏற்றோம். ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டனர். தனித்துச் சுமப்பதும் தீர்வல்ல.

இனி

தள்ளுபடியை விட்டுக்கொடுக்க ஐ.நா. விதி இடம் தருகிறது. இந்தியா படிப்படியாக அதைச் செய்யட்டும். இச்செலவை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் விவாதிக்கட்டும். பெங்களூரில் வாழும் முன்னாள் வீரர்களின் நினைவுகளை ஆய்வு மாணவர்கள் இப்போதே பதிவு செய்யட்டும். வீரர்களை அனுப்பும் நாடு பணத்தையும் தந்து, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். என் நண்பர்கள் மறுப்பதாக இருந்தால், சைப்ரஸுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுக்கட்டும்.