ரோல்பேக்

2014 ஜூன் 20. ரயில் கட்டணம் எல்லா வகுப்பிலும் 14.2 சதவீதம் உயரும் என்று அறிவிப்பு வந்தது. மாத சீசன் டிக்கெட்டுக்கு அடி இன்னும் பலம். அதுவரை ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணங்களுக்கான தொகைதான். இனி 30 பயணங்களாகக் கணக்கிடுவோம் என்றார்கள். விடிவதற்குள் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகும் அரக்கோணத்துக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

நான்கே நாளில் செய்திகளில் 'ரோல்பேக்', அதாவது அறிவித்ததைத் திரும்பப் பெறுதல், வந்துவிட்டது. சீசன் டிக்கெட் பழையபடி 15 பயணக் கணக்கிலேயே தொடரும். புறநகர் ரயிலின் இரண்டாம் வகுப்பில் 80 கிலோமீட்டர் வரை உயர்வே இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் சுமார் 70 கிலோமீட்டர். தப்பித்தது!

டெல்லி அரசியலில் 'ரோல்பேக்' பழகிய சொல். பட்ஜெட் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற முன்னாள் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்காவுக்கு 'ரோல்பேக் சின்கா' என்றே பட்டப்பெயர். 2012 மார்ச்சில் கட்டணத்தை உயர்த்திய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதிக்குச் சொந்தக் கட்சியே எதிர்ப்பு, பதவி போனது. அடுத்து வந்த முகுல் ராய் உயர்வைப் பெரும்பாலும் ரத்து செய்தார். ஏசி முதல் வகுப்புக்கும் இரண்டடுக்கு ஏசிக்கும் மட்டும் சலுகை இல்லை.

நம் நாளிதழ்கள் ரோல்பேக்கை 'வாபஸ்' என்று போடும். கேட்பவருக்கு எல்லாமே திரும்பிவிட்டதாகத் தோன்றும். அப்படியல்ல. 2014-இல் அதே அரக்கோணத்துக்காரர் பெங்களூருக்கு ரயில் ஏறியிருந்தால், புதிய கட்டணம்தான்.