கருவி இறங்கட்டும்

சுற்றுச்சூழல் சுகாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பேசச் சொன்னார்கள். வேலை இருக்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவு, ஆய்வு நிறுவனங்கள். வேதியியலோ சிவிலோ நர்சிங்கோ படித்துவிட்டுப் பொதுச் சுகாதார முதுகலை வழியாக உள்ளே வரலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். (மாதாமாதம் வரும் என்று நம்பி வீடு பிடிக்காதீர்கள்.)

என்னை இழுத்தது முதுகலை வகுப்பில் பார்த்த ஓர் அட்டவணை. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு பிபிஎம்முக்குக் குறைவாக இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம்மில் சில நிமிடங்களில் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. 500-ஐத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுவார்.

என் அப்பா ஒப்பந்தத்தில் சாக்கடைக்குள் இறங்கியவர். "நாத்தம் அடங்கிருச்சுன்னா எறங்கலாம்" என்பார். அவர்களிடம் இருந்த பாதுகாப்பு விதியே அதுதான். சித்தப்பா அப்படித்தான் இறங்கினார். மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி' என்று போட்டார்கள். தெருவில் போனவரை வாயு தேடிவந்து அடித்த மாதிரி.

முனைவர் பட்டத்துக்கு அதையே எடுத்தேன். ஆய்வுக் குழுவில் ஒருவர் கேட்டார்: "கருவியைத் தொழிலாளியின் சட்டையில் மாட்டி இறக்கினால்தானே அவர் சுவாசிக்கும் அளவு தெரியும்?" பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனக்கு எண் கிடைக்க ஒருவர் இறங்க வேண்டும். அவர் என்ன சாதி என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மறுத்தேன். தலைப்பு ஒன்றரை வருடம் தொங்கியது. கடைசியில் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தேன். மூடி திறந்ததும் ஒரு முறை, கம்பால் கசடைக் கிளறியபின் ஒரு முறை. கிளறும்போதுதான் உள்ளே அடைபட்டிருக்கும் வாயு குபீரென்று கிளம்பும். மேலே நின்று முகர்ந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

செத்தால் 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் மிகச் சிறு பங்குதான் இந்தக் கருவியின் விலை. சித்தப்பாவின் காண்ட்ராக்டரிடம் ஒன்றுகூட இருந்ததில்லை.

ஆய்வேட்டில் ஏற்றுமுன் அளவுகளை எங்கள் தெருவில் வாசித்தேன். ஒரு பெரியவர், "அப்ப நாத்தம் போச்சுன்னா ஓடணுமா பாப்பா?" என்றார். "எறங்கவே கூடாது தாத்தா" என்றேன். அப்பா, "தம்பிக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் கூப்பிட்டபோது இரண்டு பேர் கருவி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் போனார். அவர் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம்.