முகம் காணாத அதிகாரியும் கையொப்பம் என்னும் அமானிதமும்

 



இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் இக்கடற்கரையில், துறைமுகமோ தொழிற்சாலையோ சோறு போடாத வீடுகள் குறைவு. ஏற்றுமதி இறக்குமதி அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர், ட்ரெய்லர் ஓட்டுபவர், பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவர், சுங்க இல்லத்திற்கும் சரக்கு நிலையத்திற்கும் நாள்தோறும் அலையும் கிளியரிங் ஏஜெண்ட் என இந்த வரிசைகளில் அமர்ந்திருப்போர் பலர். அவர்களுடைய வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுகிறது. "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்களே அத்தா, உங்கள் வேலை இருக்குமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அத்தாமார்களில் பலரிடம் பதில் இல்லை. ஹலாலான வருமானத்தைப் பற்றிய கேள்வி பள்ளிவாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய கேள்வி அல்ல. எனவே இன்றைய ஜுமுஆவில் அதையே எடுத்துக்கொள்வோம்.

இக்கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதுவரை மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக, மனிதர்களின் தோள்களைக் கடந்தே சரக்கு கரை சேர்ந்தது. கப்பல்கள் நாட்கணக்கில் நின்றன. கன்டெய்னர் வந்தபின், முப்பது டன் எடையுள்ள பெட்டகத்தைக் கிரேன் ஒன்று சில நிமிடங்களில் தூக்கி வைத்தது. 1956இல் அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, அந்த அலை ஒரு நாள் இராயபுரத்துச் சுமை தொழிலாளியின் வீட்டுத் திண்ணை வரை வரும் என்று எவர் எண்ணியிருப்பார்? பின்னர் 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றது. வீடுகளில் படிந்த கரித்தூள் குறைந்தது. அதை நம்பியிருந்தவர்களின் வேலையும் சேர்ந்தே குறைந்தது.

மாற்றம் அனைவருக்கும் நன்மையே செய்யும் என்று இந்த மிம்பரில் நின்று நான் கூறமாட்டேன். அது உண்மையன்று. தோள் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டிருந்தவர்கள் அன்று நொந்துபோனார்கள். அவர்களுக்குப் புதிய தொழிலை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே அதில் பெரிய வேதனை.

இன்று அதே அலை மேசையில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களை நோக்கி வருகிறது. சுங்க வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜாஜி சாலையில் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். பிறகு ஐஸ்கேட் என்னும் இணையவாசல் வழியே தாக்கல் செய்யும் முறை வந்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று 'முகமறியா மதிப்பீடு' தொடங்கிற்று. நாட்டிலேயே முதலில் அது நடைமுறைக்கு வந்த இரண்டு ஊர்கள் பெங்களூரும் நம் சென்னையுமே. முதலில் இயந்திரங்களுக்கும் மின்பொருட்களுக்கும் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் பரவியது. நம் துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் பத்திரத்தை வேறோர் ஊரில் அமர்ந்திருக்கும் அதிகாரி மதிப்பிடுகிறார். அவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு அவரைத் தெரியாது.

இருபது ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அதிகாரியிடம் நேரில் சென்று, மாதிரியைக் காட்டி, பணிவாக விளக்கிச் சொல்லிக் காரியத்தை முடிக்கும் ஆற்றலே அவருடைய மூலதனமாக இருந்தது. அம்மூலதனம் ஒரே நாளில் செல்லாக்காசு போலாயிற்று. (தெரிந்தவருக்கு ஒரு நீதி, தெரியாதவருக்கு ஒரு நீதி என்ற வழக்கமும் கூடவே தளர்ந்தது. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.)

ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் உண்டு. அவருக்குச் சரக்கைத் தெரியும். முகமறியா முறையில் பேசுவது பத்திரத்தில் எழுதிய வருணனை மட்டுமே. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பம்புகளில் நீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற பொருள் இறக்குமதியாகிறது. அது வெறும் ரப்பர் வளையம் என்றால் சுங்கத் தீர்வை அட்டவணையில் 40ஆம் அத்தியாயத்திற்குச் செல்லும். சுழலும் தண்டில் பொருத்தும் மெக்கானிக்கல் சீல் என்றால் 84ஆம் அத்தியாயத்திற்குச் செல்லும். 'சீல்' என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பினால், எங்கோ இருக்கும் அதிகாரி விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார். நாட்கள் ஓடும், கன்டெய்னருக்கு வாடகை ஏறும், இறக்குமதியாளர் நம்மை நோவார். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அது எதனால் ஆனது, எங்கே பொருந்துவது என்று இரண்டு வரி தெளிவாக எழுதினால் வேலை அன்றே முடியும். அந்த இரண்டு வரியை எழுதும் அறிவு முதியவரிடம் இருக்கிறது. அதைத் திரையில் ஏற்றும் பழக்கம்தான் அவரிடம் இல்லை.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! வருணனை என்பது நமக்குத் தீனுடைய விஷயமுமாகும். மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வினவினார்கள். ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் அறிவித்தார்கள். இன்று பத்திரம்தான் குவியலின் மேற்பகுதி. அதிகாரி ஓர் ஊரில், சரக்கு வேறோர் ஊரில். உள்ளே இருப்பதை மேலே எழுதுகிறோமா என்பதுதான் கேள்வி.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் கருவியும் கைக்கு வந்துவிட்டது. பொருளின் பெயரைத் தட்டினால் தீர்வை எண்ணை எட்டு இலக்கத்தோடு அது சொல்லிவிடுகிறது. கடிதம் எழுதித் தருகிறது. நல்ல உதவிதான், பயன்படுத்துங்கள். ஆனால் அது சரியான எண்ணையும் தவறான எண்ணையும் ஒரே துணிச்சலுடன் கூறும். அந்தச் சீலை அது தொட்டுப் பார்த்ததில்லை. அட்டவணையின் விளக்கக் குறிப்புகளைத் திறந்து சரிபார்ப்பவருக்கே அது பணியாள். சரிபார்க்காதவருக்கு அதுவே எஜமான். தவறு நேர்ந்து நோட்டீஸ் வரும் நாளில், 'கம்ப்யூட்டர் சொன்னது' என்று பதில் எழுத இயலாது. பெயர் நம்முடையது.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிப்புடன் சுட்ட வேண்டியுள்ளது. டிஜிட்டல் கையொப்பத்திற்கான அந்தச் சிறு டோக்கனைச் சில அலுவலகங்களில் கணினியிலேயே செருகி வைத்துவிட்டு, கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். உரியவர் வீட்டில் இருப்பார், பையன் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பான். கடவுச்சொல்லைக் கையளிப்பது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுத் தருவதற்கு ஒப்பானது. கையொப்பம் ஓர் அமானிதம். தமக்குத் திரை பழக்கமில்லை என்ற ஒரே காரணத்தால் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடுபவர், தம் தொழிலையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் இளைஞராக இருந்தபோது, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வரும் மடல்களைப் படிக்கவும் பதில் எழுதவும் பிறர் கையை நம்பியிருத்தலாகாது என்பதே நோக்கம். அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்தார்கள் என்று அறிவிப்பு கூறுகிறது. நம் மடல்கள் இன்று திரையில் வருகின்றன. நாற்பத்தைந்து வயதில் இனி எங்கே கற்பது என்று கூறும் சகோதரர்களே, நீங்கள் கற்க வேண்டியது வேற்று மொழியன்று. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலின் புதிய எழுத்து.

பட்டறைகளிலும் இதுவே நிலை. திருவொற்றியூரில் 1950களிலிருந்தே புல்லட் வண்டி உருவான மண் இது. எஞ்சின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் இங்கு வாழ்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தபின் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் செலுத்தும் மின்னணு முறை புது வண்டிகளில் நிலைத்தது. காதை மட்டும் நம்பியவரிடம் பழைய வண்டிகளே வருகின்றன. ஸ்கேனரை மட்டும் நம்பும் இளைஞரோ, திரை காட்டும் பாகத்தை மாற்றி மாற்றி வாடிக்கையாளரின் பணத்தைக் கரைக்கிறார். காதும் ஸ்கேனரும் ஒரே பட்டறையில் சேர்ந்திருந்தால் அதற்கு இணையில்லை.

அவை சேராமல் தடுப்பது எது? முதியவரின் கூச்சமும் இளையவரின் அலட்சியமும். 'இதைக்கூடத் தெரியாதா பாய்?' என்று பத்துப் பேர் முன்னிலையில் இளைஞன் கேட்டுவிட்டால், அந்தப் பெரியவர் அதன்பின் வாய் திறப்பதில்லை. பெரியவரும், 'எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்னை யார் மதிப்பார்?' என்று தொழில் நுணுக்கத்தை மூடி வைக்கிறார். அகழ் யுத்தத்தின்போது, அரபு மண் அறியாத தற்காப்பு முறையை எடுத்துரைத்தவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அண்மையில்தான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். அவர் சொன்னதைத் தலைவர் ஏற்றார்கள். ஏற்றதோடு நில்லாமல் தாமும் மண் சுமந்தார்கள். புதிய மென்பொருள் வரும் நாளில் முதலாளியும் மூத்தவரும் முதல் இருக்கையில் அமர்ந்து கற்றால், அலுவலகம் முழுவதும் கற்கும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருளால் நால்வர் வேலை இருவருக்குச் சுருங்கும்போது, இருபது ஆண்டு உழைத்தவரை முதலில் அனுப்புவது எளிது, சம்பளமும் மிச்சமாகும். ஆனால் அந்தச் சீல் எது என்று சொல்லக்கூடியவர் அவர்தாம். அவருக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். எச் கார்டோடு நின்றுவிட்ட ஊழியரை ஜி கார்டுத் தேர்வுக்கு அனுப்புங்கள்; கட்டணத்தை நீங்களே செலுத்துங்கள்.

தாய்மார்களே! இது உங்கள் பெண்மக்களையும் சார்ந்தது. நம் எல்லைக்கு அப்பால், கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 2024இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தில், பெட்டக அடுக்குத்தளத்தின் தானியங்கிக் கிரேன்களைத் திரையின் முன் அமர்ந்து இயக்குவோரில் பெண்களும் உள்ளனர். அக்கம்பக்கத்து மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் உண்டு. தோள் வலிமை கேட்ட வேலை இன்று கூர்ந்த கவனத்தைக் கேட்கிறது. பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளால் பில் ஆஃப் என்ட்ரி ஒன்றைப் பிழையின்றித் தயாரிக்க இயலாதா? கற்றுத்தர வீட்டிலேயே அத்தா இருக்கிறார்.

நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

தொழுகை முடிந்தபின், கணினியில் தாக்கல் செய்யத் தெரிந்த இளைஞர்கள் பின்வரிசையில் சற்று அமர்ந்திருங்கள், பெயர் எழுதிக்கொள்வோம். கற்க விரும்பும் பெரியவர்கள் ஞாயிறு காலை பஜ்ருக்குப் பின் மாடி அறைக்கு வரலாம். பெண்களுக்கு மதரஸா கட்டடத்தில் தனி நேரம் ஒதுக்கப்படும். வரும் பெரியவர்கள் தாங்கள் கையாண்ட பழைய பத்திரம் ஒன்றை உடன் கொண்டுவாருங்கள். பாடம் அதிலிருந்தே தொடங்கும்.